“தியரிக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?” – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்குப் பல கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக இருந்தேன். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, கல்லூரியில் படிக்கிறவர், கேட்டிருக்கிறார். வாசிக்கிறேன்: “ஐயா, தியரி என்பது யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்துச் சொன்னதுதானே? நாளைக்கு இன்னொருத்தர் வந்து அதை மாற்றிவிடுவார். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பினால் போதாதா? தியரிக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?”

தம்பி, கண்ணால் பார்த்தது என்கிறீர்களே, அங்கேயே ஆரம்பிக்கிறேன். கார்ல் பாப்பர் என்ற தத்துவ அறிஞர் ஒருமுறை வியன்னாவில் இயற்பியல் மாணவர்களிடம், பென்சிலும் தாளும் எடுங்கள், நன்றாகக் கவனியுங்கள், கவனித்ததை எழுதுங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எதைக் கவனிப்பது என்று கேட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்று அவர் நினைத்ததும் அந்தக் கேள்விதான். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் சும்மா பார்க்க யாராலும் முடியாது.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது தெரியும். கோட்பாடு, அதாவது நீங்கள் சொல்லும் தியரி, நம் தலையைப் பிடித்து ஒரு பக்கம் திருப்பி, இங்கே பார் என்று காட்டும். அதனாலேயே மறுபக்கம் நமக்குத் தெரியாமல் போய்விடும். இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

நெப்டியூன் கதையைப் பாருங்கள். யுரேனஸ் போகும் பாதை நியூட்டன் கணக்குக்கு ஒத்துவரவில்லை. வெளியே இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று பிரான்சில் லெ வெரியே கணக்குப் போட்டார். வானத்தில் இன்ன இடத்தில் தேடுங்கள் என்று பெர்லினுக்குக் கடிதம் எழுதினார். 1846 செப்டம்பர் 23, கடிதம் கிடைத்த அன்று ராத்திரியே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிகூட விலகவில்லை. ஆனால் அதே நெப்டியூனை 1612லேயே கலிலியோ தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார், குறித்தும் வைத்திருக்கிறார். என்னவென்று? நட்சத்திரம் என்று. அப்போது அங்கே ஒரு கோளைத் தேட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. கலிலியோவைவிடக் கூர்மையான கண்ணுக்கு நாம் எங்கே போவது?

அப்புறம் மறுபக்கத்தையும் பாருங்கள். புதன் கோளின் பாதையிலும் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தது. நூறு வருடத்துக்கு 43 விகலை, மிக மிகச் சின்ன அளவு. 1859-ல் அதே லெ வெரியே அதே முறையில், சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. நான் பார்த்தேன் என்று ஒரு டாக்டர் வந்து நின்றார். வேறு சிலரும் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படி ஒரு கோளே கிடையாது. 1915-ல் ஐன்ஸ்டைன் கோள் எதையும் சேர்க்காமலே அந்த 43 விகலைக்குக் கணக்குச் சொன்னார். ஆக, இருந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் நியூட்டன் கோட்பாடு, இல்லாததைக் கண்ணுக்குக் காட்டியதும் அதே கோட்பாடு. அதற்காக அதைத் தூக்கிப் போட்டோமா? இன்றைக்கும் ராக்கெட் விடுகிறவர்களுக்குப் பெரும்பாலான கணக்கு நியூட்டன் கணக்குதான்.

சரி, வானத்தை விடுங்கள். நம் மேலூர்ப் பக்கம் வருவோம். மாங்குளத்துக்குப் பக்கத்தில் மீனாட்சிபுரத்து மலை. மேலே குகைத்தளம், உள்ளே சமணத் துறவிகளுக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகள். தலை வைக்கிற பக்கம் கல்லைக் கொஞ்சம் உயர்த்தி விட்டிருப்பார்கள். பாறையின் நெற்றியில் எழுத்து. நல்ல வெயிலில் நேராகப் பார்த்தால் கீறல் மாதிரிதான் தெரியும், சாய்வெளிச்சம் விழுந்தால்தான் எழுத்து எழுந்து வரும். 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதைக் கண்டு சொன்னார். பிராமி எழுத்து என்பது அறிஞர்களுக்குத் தெரியும். பிராமி என்றாலே அசோகர், அசோகர் என்றால் அந்தக் காலத்து வடநாட்டு மொழியான பிராகிருதம், இப்படித்தான் அவர்கள் எண்ணம் ஓடியது. பிராகிருதமாகவே படிக்கப் பார்த்தார்கள். படிக்க வரவில்லை. வராததற்கு, வெட்டியவனுக்குச் சரியாக எழுதத் தெரியவில்லை என்றுகூடக் காரணம் சொல்லலாம் இல்லையா? கோட்பாட்டைக் காப்பாற்ற எப்போதும் ஒரு வழி கிடைக்கும்.

1924-ல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் என்ற கல்வெட்டு அறிஞர் வேறு மாதிரி பார்த்தார். பிராகிருதத்துக்குத் தேவையில்லாத சில எழுத்துகள் இங்கே இருக்கின்றன: ழ, ள, ற, ன. பிராகிருதத்துக்கு வேண்டிய வர்க்க எழுத்துகளோ (ககரத்திலேயே நாலு விதம் என்பது போல) பெரும்பாலும் இல்லை. அப்படியானால் இது தமிழ் என்றார். பின்னால் 1960களில் ஐராவதம் மகாதேவன் அந்த மலையில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டு வாக்கில் வெட்டிய பாண்டியன் பெயர், வெளி உலகுக்குச் சொன்ன பிறகும் இத்தனை வருடம் படிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. எழுத்து மாறவில்லை, பாறை மாறவில்லை. பார்த்தவரின் கோட்பாடு மாறியது. ஐயரும் கோட்பாடு இல்லாமல் வெறுங்கண்ணோடு போகவில்லை, இன்னொரு நல்ல கோட்பாட்டோடு போனார். அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தம்பி, நீங்கள் உசிலம்பட்டி என்று போட்டதால், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கல்லைப் பற்றிக் கோட்பாடு தப்பானால் கல்லுக்கு வலிக்காது. மனிதர்களைப் பற்றிய கோட்பாடு தப்பானால்?

1871-ல் வெள்ளைக்காரர்கள் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அடியில் இருந்தது ஒரு கோட்பாடுதான். தச்சர் மகன் தச்சர், நெசவாளி மகன் நெசவாளி, அதுபோலத் திருடன் மகன் திருடன், குற்றம் பரம்பரையாக வருகிறது என்பது. 1911-க்குப் பிறகு அது நம் பக்கமும் வந்தது. உங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தில் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வழக்காடினார். ரோசாப்பூ துரை என்று மக்கள் அன்பாக அழைத்தது அவரைத்தான். 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மாட்டோம் என்று நின்றவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் போக 1947 ஆனது.

இந்தக் கோட்பாடு எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். ஒருவர் திருடினால், பார்த்தாயா, பரம்பரை என்பார்கள். திருடாவிட்டால், சட்டம் அடக்கி வைத்திருக்கிறது என்பார்கள். எது நடந்தாலும் கோட்பாட்டுக்கே ஜெயம். ராத்திரி ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றால் வெளியூரில் எப்படி வேலைக்குப் போவது? வேலை இல்லாமல் போனால் அதையும் அவர்கள் மேலேயே குற்றமாகப் போட்டார்கள். ஊர்க்காவல் என்று காலங்காலமாக இருந்த முறையையும் கொள்ளையின் இன்னொரு வடிவமாகத்தான் அதிகாரிகள் பார்த்தார்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு தண்ணீர் திறந்தபோது மேலூர்ப் பக்கம் வயல் பச்சையானது, உசிலம்பட்டி மேட்டுக்கு வரவில்லை. 58 கிராமக் கால்வாய்க்காக உங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை காலம் போராடினார்கள் என்று உங்களுக்கே தெரியும். காரணத்தை ரத்தத்தில் தேடியவர்கள் கண்மாயில் தேடவில்லை.

மாங்குளத்தில் ழகரம் எதிர்த்து நின்றது, அறிஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். பெருங்காமநல்லூரில் மனிதர்களே எதிர்த்து நின்றார்கள், அதையும் குற்றம் என்று எழுதிக்கொண்டார்கள். அதனால் தியரியை நம்பலாமா என்று கேட்பதைவிட, எது நடந்தால் இந்தத் தியரி தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று சொன்னவரிடம் கேளுங்கள். லெ வெரியேயிடம் கேட்டிருக்கலாம், தேடிப் பார்த்துக் கோள் இல்லாவிட்டால் தப்பு என்று பதில் இருந்திருக்கும். அந்தச் சட்டம் எழுதியவர்களிடம் பதில் இருந்திருக்காது. இன்றைக்கு ஒரு சாதியைப் பற்றியோ, பெண்களின் மூளையைப் பற்றியோ, இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்றோ உங்களிடம் யாராவது உறுதியாகச் சொன்னால், தம்பி, அவரிடமும் இதையே கேளுங்கள்.

கீழடியை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதைப் பற்றித் தனியாகவே நிறையக் கேள்வி வந்திருக்கிறது, அடுத்த பதிவில் எடுத்துக்கொள்கிறேன்.