கூரைக்கு அவசரம், சுவருக்குப் பொறுமை

(பேரிடரில் இடிந்த பள்ளிகளைக் கட்டப் புறப்படும் தொண்டர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

இரண்டு சனிக்கிழமைகளைச் சொல்லித் தொடங்குகிறேன். 2005 அக்டோபர் 8, காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை. பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரிலும் அதை ஒட்டிய மலை மாவட்டங்களிலும் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். 7.6 அளவில் நிலம் நடுங்கியது. பள்ளிக் கட்டடங்கள் இடிந்ததில் மட்டும் 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். அடுத்தது 2015 ஏப்ரல் 25, நண்பகலுக்குச் சற்று முன். நேபாளத்தில் 7.8. ஆயிரக்கணக்கான பள்ளிகள் இடிந்தன. ஆனால் அந்த நாட்டில் சனிக்கிழமைதான் வார விடுமுறை. வகுப்பறைகள் காலியாகக் கிடந்தன.

பிள்ளைகளைக் காப்பாற்றியது நாட்காட்டி. கட்டடம் காப்பாற்றவில்லை. நீங்கள் கட்டப்போகும் பள்ளியை எந்தக் கிழமையை நம்பிக் கட்டுவீர்கள்?

பயமுறுத்த வரவில்லை. உங்கள் ஆர்வம் எனக்குத் தெரியும். அந்த ஆர்வத்தை எங்கே கொட்டலாம், எங்கே அடக்க வேண்டும் என்பதைத்தான் பேச வந்தேன்.

கொட்ட வேண்டிய இடம் தற்காலிக வகுப்பறை. அங்கே ஒரு நாள் தாமதம்கூடத் தவறு. பள்ளிக்கு மாதக்கணக்கில் போகாத பிள்ளை வேலைக்குப் போய்விடுகிறது, பிறகு திரும்புவதில்லை. இடிபாடுகளை அள்ளும் பெற்றோருக்கும் குழந்தையை நம்பி விட ஓர் இடம் வேண்டும். நேபாளத்தில் மே 12 அன்று 7.3 அளவில் இன்னொரு பெரிய அதிர்வு வந்தது. அப்படியிருந்தும் மே 31 அன்று பள்ளிகளைத் திறந்தார்கள். மூங்கிலும் தார்ப்பாயும் தகரமும்தான் பல இடங்களில் வகுப்பறை. 2008-இல் சீனாவின் சிச்சுவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் செங்டு நகரில் காகிதக் குழாய்களைத் தூண்களாக நிறுத்தி ஒரு தொடக்கப் பள்ளியையே எழுப்பினார். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய, சீன மாணவத் தொண்டர்கள். காகிதம் என்று சிரிக்க வேண்டாம். தலையில் விழுந்தால் ஆளைக் கொல்லாத பாரம் என்பது சாதாரணத் தகுதி அல்ல.

நிரந்தரக் கட்டடம் வேறு கதை. அங்கே அன்பை நம்பி ஒரு செங்கல்லும் நிற்காது.

2002 அக்டோபர் 31 அன்று இத்தாலியில் சான் ஜூலியானோ டி புல்யா என்ற சிற்றூரில் பள்ளி இடிந்து 27 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். அந்த ஊரில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்த ஒரே கட்டடத்துக்குள் இருந்தவர்கள். பழைய சுவர்கள்மேல் பின்னாளில் ஒரு மாடி ஏற்றியிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் வகுப்பறை கட்டுவதில்லை; இடம் போதவில்லை என்றுதான் மாடி ஏற்றுவார்கள்.

உயிரைக் காப்பவை எல்லாம் பூச்சுக்குள் மறைந்துவிடும் சின்னச் சின்ன வேலைகள். தூண் கம்பியைச் சுற்றிக் கட்டும் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முனையை 90 பாகையில் வளைத்து விட்டால் பார்க்க ஒழுங்காக இருக்கும்; குலுங்கும்போது அவிழ்ந்துகொள்ளும். 135 பாகை வளைத்து உள்ளே செருக வேண்டும். ஒரு வளையத்துக்குச் சில விநாடி கூடுதல் உழைப்பு, அவ்வளவுதான். நாலு சுவரையும் ஒன்றாக இறுக்கிப் பிடிக்கும் காங்கிரீட் பெல்ட், லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னல்களுக்கு நேர் மேலே, எங்கும் அறுபடாமல் ஓட வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்புறமாகத் திறக்கும் கதவில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் மோதினால் அது சுவராகிவிடும்.

பிறகு தண்ணீர். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், எனக்கு ஒரு பழைய குற்ற உணர்ச்சி இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், வெள்ளத்தில் அழிந்த ஒரு பள்ளிக்குத் தொண்டனாகப் போயிருந்தேன். லிண்டல் காங்கிரீட் போட்ட மறுநாள், பக்கத்தில் முடிந்திருந்த அறைக்கு வண்ணம் தீட்ட எல்லோரும் ஓடினோம். யானை வரைந்தோம், சூரியன் வரைந்தோம், முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். நல்ல வெயில். காங்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒருவரும் இல்லை. சாயங்காலம் வந்த கொத்தனார் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தனியாக ஏணி ஏறினார். அந்த மௌனத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. யானை மிக அழகாக வந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்தால்தான் காங்கிரீட் நன்றாக இறுகும். அதன் வலிமையைக் கணக்கிடுவதே 28-ஆம் நாளில். உங்கள் பயணமோ பத்து நாள். நீங்கள் வைத்த காங்கிரீட் பலம் பெறுவதற்குள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். எனவே 135 பாகை ஏன் என்று தெரிய வேண்டியவர் அந்த ஊரில் தங்கப்போகும் கொத்தனார். அவருக்குப் பயிற்சியும் முழுக் கூலியும் கிடைக்க வழி செய்தால், பள்ளிக்குப் பிறகு அவர் கட்டும் வீடுகளும் நிற்கும். நாம் இலவசமாகச் செங்கல் சுமந்து, வீடிழந்த ஒருவரின் கூலியைப் பறிப்பது தொண்டு ஆகாது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது, சுருங்கட்டும்.

1933 மார்ச் 10 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நிலநடுக்கம். மாலை ஆறு மணிக்குச் சற்று முன், அதாவது பள்ளி விட்டபின். எழுபது பள்ளிகள் நாசம். வகுப்பு நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மக்கள் கணக்குப் போட்டார்கள். ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கென்று ஃபீல்ட் சட்டம் வந்தது. வரைபடத்தைச் சரிபார்ப்பதோடு விடாமல், கட்டும்போதே ஓர் ஆய்வாளர் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றது அது. அதன்படி கட்டிய பள்ளி எதுவும் அதன்பின் நிலநடுக்கத்தில் இடிந்து விழவில்லை. பூசி மூடுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்ற எளிய பிடிவாதம். உங்களில் கொஞ்சம் பிடிவாதக்காரர்கள் இருந்தால் அந்த வேலைக்குப் போங்கள். வளையங்களை எண்ணுங்கள், படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். கேமராவுக்கு அதைவிட நல்ல பயன் இல்லை.

நேரமாகிவிட்டது. வண்டி காலை ஐந்து மணிக்கு. வாசலில் பணிப்பட்டியல் தாள் ஒட்டியிருக்கிறது. வரும் வழியில் பார்த்தேன்: வண்ணம் தீட்டும் பணிக்கு முப்பத்தோரு பெயர்கள், ஓரத்திலும் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றும் பணிக்கு நேரே என் பெயர் மட்டும் இருக்கிறது. பேனாவை அங்கேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.