அப்பாவின் கடன் நோட்டும் மூளைக்குள் நடக்கும் தண்ணீரும்

(செங்கோட்டையில் ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கிற அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது ஒரு பழைய கடன் நோட்டு. அப்பா இந்த ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 2006ல் எழுதிய பக்கம் இது. ‘துவரம் பருப்பு அரைக் கிலோ’ என்பது வரி முழுக்க நீண்டு கிடக்கிறது. இது 2009. அதே துவரம் பருப்புதான். முதல் எழுத்து ஓரளவு பெரிதாகத் தொடங்கி, போகப் போகச் சிறுத்து, ‘கிலோ’ வரும்போது எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஆகிவிடுகிறது. பேனா சரியில்லை என்று அப்பா மூன்று பேனா மாற்றினார்.

அந்த வருடம் அவருக்குத் தலை ஸ்கேன் எடுத்தோம். வலது கை மந்தம், நடக்கும்போது அந்தக் கை வீசுவதில்லை. ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தது. நான் எம்.ஆர்.ஐ. அறையில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன்; படத்தை நானும் பார்த்தேன். கட்டி இல்லை, அடைப்பு இல்லை, ரத்தக்கசிவு இல்லை. “ஒண்ணுமில்லப்பா, நல்லா கையை வீசி நடங்க” என்று சொல்லிவிட்டேன். அப்புறம் இரண்டு வருடம், அப்பாவுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசினோம். அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

2011ல் ஆரியங்காவு, தென்மலை வழியாக பஸ்ஸில் திருவனந்தபுரம் போனோம். அங்கே நரம்பியல் மருத்துவர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துத் தட்டிக்கொண்டே இருக்கும்படி அப்பாவிடம் சொன்னார். தட்டத் தட்ட விரல்களின் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. “மணம் கிட்டுன்னுண்டோ?” என்று அடுத்துக் கேட்டார். ஏலக்காயை மோந்து பார்த்தே தரம் சொல்கிறவர் அப்பா. பல வருடமாக மணமே தெரியவில்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்கும் சொன்னார். பார்க்கின்சன் நோய்.

அப்படியானால் அந்த ‘நார்மல்’ பொய்யா? பொய் இல்லை. சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் உருவத்தைக் காட்டுகிறது. பார்க்கின்சன் முக்கியமாகத் தாக்குவது நடுமூளையில் உள்ள ஒரு சின்னக் கருநிறப் பகுதியை. சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று அதற்குப் பெயர். அங்கே, அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை நடுங்கி வெளியே தெரிவதற்குள் கணிசமான செல்கள் போய்விடும், ஆனால் உருவம் பெரிதாக மாறியிருக்காது. சுவர் நிற்கிறது, உள்ளே கரையான் அரித்திருக்கிறது.

அந்த அரிப்பை எப்படிப் பார்ப்பது? இந்த மேசைக்குக் கொஞ்சம் கிட்டே வாருங்கள். இது வேட்டித் துணி, இது விளக்குத் திரி. இரண்டிலும் ஒரு சொட்டு நீல மை விடுகிறேன். துணியில் மை ஏறக்குறைய வட்டமாகப் பரவுகிறது. திரியில் பாருங்கள், நூலோடு நூலாக நீளவாக்கில் ஓடுகிறது, குறுக்கே அவ்வளவாகப் போகவில்லை. மூளையின் நரம்பிழைகளும் இந்தத் திரி மாதிரிதான். அவற்றில் இருக்கும் தண்ணீர் இழையின் நீளத்துக்கு எளிதாக நகர்கிறது. குறுக்கே போனால் செல் சவ்வும், இழையைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையும் தடுக்கின்றன. சவ்வும் உறையும் சிதைந்தால் தண்ணீர் தறிகெட்டு எல்லாப் பக்கமும் பரவும்.

தண்ணீரின் இந்த நடையை அளப்பதுதான் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. ஓய்வில்லாமல் அலையும் துகள்களின் கணக்கை ஐன்ஸ்டைன் 1905ல் எழுதினார். 1980களில் பிரான்சில் தெனி லெ பியான் அந்த அலைச்சலை மூளைப் படமாக்கினார். எந்தத் திசையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் டென்சர் முறையை 1994ல் அமெரிக்காவில் பீட்டர் பாசரும் கூட்டாளிகளும் கொண்டுவந்தார்கள். அதை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். எல்லாப் பக்கமும் சமமாகப் பரவினால் 0. ஒரே திசையில் மட்டும் போனால் 1. எனக்கு இன்றும் ஆச்சரியம் தருவது என்னவென்றால், படத்தின் ஒரு புள்ளி சுமார் 2 மில்லிமீட்டர், ஆனால் அது அளப்பதோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவான நகர்வை.

பார்க்கின்சன் நோயாளிகளின் கருநிறப் பகுதியில், தடையில்லாமல் அலையும் தண்ணீர் கூடுதலாக இருப்பதை இப்படித்தான் கண்டார்கள். தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் சாகிற ஏ.எல்.எஸ். நோயில், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதையில் அந்த எண் குறைகிறது. 3 டெஸ்லா என்ற வலுவான காந்தம் உள்ள மெஷினில் இன்னொன்றும் தெரியும். நல்ல மூளையில் அந்தக் கருநிறப் பகுதியின் ஓரம் தகைவிலான் குருவியின் பிளந்த வால் மாதிரி இருக்கும். பார்க்கின்சனில் அந்தப் பிளவு மறைந்துபோகும்.

சரி, நாளைக்கே போய் எடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நான் சொன்ன தண்ணீர்க் கணக்கு பெரும்பாலும் நோயாளிகள் ஒரு குழு, நலமானவர்கள் ஒரு குழு என்று வைத்து ஒப்பிட்டது. வயது கூடினாலே அந்த எண் மாறும். ஒரு மெஷினில் வந்த எண்ணும் இன்னொரு மெஷினில் வந்த எண்ணும் ஒத்துப்போகாது. தலை லேசாக அசைந்தாலே படம் கெடும். நடுக்கம் உள்ளவரைக் காதோரம் பஞ்சு மெத்தை வைத்து, அந்தத் தடதடச் சத்தத்துக்குள் அசையாமல் படுக்க வைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். இதை முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜோடு சேர்த்து யாராவது விற்றால் வாங்காதீர்கள். பார்க்கின்சனை இன்றும் மருத்துவர் கண்ணால் பார்த்து, கையைப் பிடித்து அசைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். நோயை நிறுத்தும் மருந்தும் இன்னும் வரவில்லை. அப்படி ஒரு மருந்து வருமானால், செல்கள் சாவது உண்மையிலேயே மெதுவாகிறதா என்று காட்ட இந்தப் படங்கள் வேண்டும். அதற்காகத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் இவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

நீங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது வேறு. எழுத்து சிறுக்கிறதா? ஒரு கை வீசாமல் நிற்கிறதா? மணம் போய்விட்டதா? தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கத்துவதும் உதைப்பதும் உண்டா? இவற்றில் ஒன்று இருந்தாலே இந்த நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், ஸ்கேன் நார்மல் என்றாலும் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். நாங்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் போனோம்.

நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன், புரட்டிப் பாருங்கள். கடைசிப் பக்கம், டோபமைன் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை தொடங்கி ஆறு மாதம் கழித்து அப்பா எழுதியது. எழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. ‘ஏலக்காய் 50 கிராம்’ என்று ஒரே அளவில், கோட்டை விட்டு இறங்காமல் எழுதியிருக்கிறார்.