தினமும் ஈரோடு, அவ்வப்போது ஊட்டி: எலக்ட்ரிக் கார் ஒத்து வருமா?

கோபியிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். ஈரோட்டில் கடை, தினமும் போக வர 80 கிலோமீட்டர், கையில் பழைய டீசல் கார். வீடு தோட்டத்துக்குள். சம்பந்தி வீடு ஊட்டியில். "எலக்ட்ரிக் கார் எடுக்கலாம் என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான். சாதாரண ப்ளக்கில் சார்ஜ் ஆகுமா, கரண்ட் பில் எவ்வளவு வரும், மலை ஏறுமா?" இவ்வளவுதான் கேள்வி.

அண்ணா, ஷோரூமுக்குப் பொறுமையாகப் போய்க்கொள்ளலாம். முதலில் உங்கள் ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். கார் நிற்கப் போகிற இடத்தில் ப்ளக் சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

காரோடு கொடுக்கிற சார்ஜர் 15 ஆம்பியர் ப்ளக்கில் ஓடும், சுமார் 3 கிலோவாட் இழுக்கும். உங்கள் 80 கிலோமீட்டருக்கு 12, 13 யூனிட் போதும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சொருகினால் விடிவதற்குள் ஏறி முடிந்திருக்கும். ஆனால் அத்தனை மணி நேரமும் அந்த ப்ளக் முழு லோடில் நிற்க வேண்டும். அதனால் மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், லோடு மீறினால் அணைகிற தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணைகிற ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு ப்ளக் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் உள்ளே எங்கேயோ லூஸ்.

அப்புறம் எர்த். இது சரியில்லை என்றால் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்கள் நிறைய. நம் பக்கத்துக் காட்டில் இரண்டு முழம் தோண்டினாலே ஓடைக்கல். சித்திரை வெயிலில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். பழைய ஒயர்மேன்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பார்கள். நியூட்ரலில் எரிகிற அதே வெளிச்சம் எர்த்திலும் வர வேண்டும். மங்கலாக எரிந்தால் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதா, புதுக் குழி தோண்டுவதா என்று அவரே சொல்வார். நீங்கள் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

தோட்டத்து வீடு என்பதால் இன்னொன்று. கிணற்று மோட்டாருக்கு வாங்கிய ஃப்ரீ சர்வீஸில் காரைச் சொருகும் எண்ணமே வேண்டாம். அது பாசனத்துக்குக் கொடுத்தது. ஈபிக்காரர்கள் பார்த்தால் அபராதம் போட்டுவிடுவார்கள்.

பில் கணக்குக்கு வருவோம். மாதம் 25 நாள் ஓடினால் இரண்டு மாத பில்லில் கார் மட்டும் 650 யூனிட் சேர்க்கும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ் அடுக்கில் கிடைக்கிற சலுகையும் குறைந்துவிடும், அதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே வையுங்கள், கிலோமீட்டருக்குச் சுமார் ஒன்றரை ரூபாய்தான் வரும். டீசல் லிட்டர் 90 ரூபாய், மைலேஜ் 20 என்றால் நாலரை ரூபாய். வித்தியாசம் நாளைக்கு 230, 240 ரூபாய். மாடி காலியாக இருந்தால் 3 கிலோவாட் சோலார் போடுங்கள். பிஎம் சூரிய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல வெயிலில் நாளைக்கு 12 யூனிட் வரும், ஏறக்குறைய உங்கள் கார் குடிக்கிற அளவு. பகலில் கார் ஈரோட்டில் நிற்குமே என்றால், பகலில் ஈபி லைனுக்குப் போகிற சோலார் யூனிட்டை நெட் மீட்டர் கணக்கில் உங்கள் பில்லில் கழித்துக்கொள்வார்கள்.

ஊட்டி தாராளமாக ஏறும். எலக்ட்ரிக் மோட்டாருக்கு எடுத்த எடுப்பிலேயே முழு இழுவை. கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைத்துத் திணறுகிற வேலை இல்லை. பிரச்சினை யூனிட்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். ஆட்களோடு சேர்த்து ஒன்றேமுக்கால் டன்னை அவ்வளவு உயரம் தூக்கவே 9 யூனிட், தூரத்துக்கு 7 யூனிட், ஆகப் பதினாறு. பர்லியாறு தாண்டியதும் திரையில் மிச்சக் கிலோமீட்டர் மளமளவென்று இறங்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அங்கேதான் ஏசியை அணைப்பார்கள். பயப்படாதீர்கள். 40 யூனிட் (கிலோவாட் ஹவர்) பேட்டரியை வீட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஊட்டி போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். 25 யூனிட் பேட்டரி என்றால் வழியில் ஒரு தடவை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி 4, 5 யூனிட்டைத் திருப்பிக் கொடுக்கும், பிரேக்கும் அதிகம் தேயாது. ஆனால் சம்பந்தி வீட்டில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வருகிற மின்சாரத்துக்கு இடம் இல்லை, மோட்டார் பிடிப்பு குறைந்து வண்டி முழுக்க பிரேக்கிலேயே தொங்கும். 80 சதவீதத்தோடு கிளம்புங்கள்.

ஒரு சார்ஜுக்கு இவ்வளவு தூரம் ஓடும் என்று கம்பெனி சொல்கிற ரேஞ்சில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள். அவினாசி ரோட்டில் 110-ல் பறந்தால் அதுவும் கிடைக்காது. பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையா என்று கேளுங்கள். நம் வெயிலுக்கு அது தாங்கும், சூட்டில் தீப்பிடிக்கிற வாய்ப்பும் குறைவு. உத்தரவாதம் பொதுவாக 8 வருஷம், 1,60,000 கிலோமீட்டர் கொடுக்கிறார்கள். உங்கள் ஓட்டத்துக்குக் கிலோமீட்டர்தான் முதலில் முடியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

என் கருத்தில் உங்களுக்கு இது ஒத்து வரும். சொந்த இடம், தெரிந்த தூரம், ராத்திரி வண்டி சும்மா நிற்கிறது. இதையே திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருந்து ரோட்டோரம் வண்டி நிறுத்துகிற தம்பி கேட்டிருந்தால் இப்போதைக்கு வேண்டாம் என்றிருப்பேன். பையனிடம் சொல்லுங்கள், டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலோடு முடிக்காமல் நாலு பேர் உட்கார்ந்து ஏசி போட்டு ஈரோடு வரை போய்வரக் கேட்கச் சொல்லி. சரி, அடுத்த கேள்வி பல்லடத்திலிருந்து.