“இல்லை மேடம்” என்றவன் பொய் சொல்லவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தலைப்பு இன்னதென்று தெரிந்தும் வளர்ந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களுக்கு முதலில் என் நன்றி.

‘உடலுறவு என்ற ஒரு சொல் போதுமா, போதாதா?’ இதுதான் இன்றைய வழக்கு. எதிரணியில் பேசிய பேராசிரியர் ஐயா, போதும் என்றார். ஆணும் பெண்ணும் சேர்வதுதான் உடலுறவு, ஊர் உலகத்துக்கெல்லாம் அதற்கு ஒரே பொருள்தான், மேலே கிளறுவானேன் என்று கேட்டார். அவருக்குப் பின் வந்த வழக்கறிஞர் தம்பி, சொல்லைத் தளர்த்தினால் குற்றவாளி தப்பித்துவிடுவான் என்றார். இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசி, ஆபத்தான தொடர்பு இருந்ததா என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. அந்தப் பையனுக்கு 22 வயது. கடையில் வேலை. காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது என்று அனுப்பியிருந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை. “யாரோடாவது உடலுறவு இருந்ததாப்பா?” என்று கேட்டேன். “இல்லை மேடம்” என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். நானும் ‘இல்லை’ என்று எழுதினேன். எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்தது. வேறு பரிசோதனை எதற்கும் நான் எழுதி அனுப்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகளோடு வந்தான். சிபிலிஸ் என்ற பால்வினை நோய், இரண்டாம் கட்டம். அன்றைக்குத்தான் கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். யாரோடு? வாய்வழியாகவா? ஆசனவாய் வழியாகவா? ஆணுறை போட்டீர்களா? அறையில் கூடத் தங்கியிருந்த நண்பனோடு ஒரு வருடமாகப் பழக்கம் இருந்திருக்கிறது. “அன்னைக்கே கேட்டேனே, ஏன் சொல்லலை?” என்றேன். அவன் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டான்: “அது உடலுறவா மேடம்? பொண்ணுகூட இருந்தாத்தானே?”

அவன் பொய் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. நான் சொன்ன சொல்லுக்கு அவன் அறிந்த பொருளில் நேர்மையாகப் பதில் சொன்னான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால், இந்தப் புள்ளிகள் வருவதற்கு முன்பே ஒரே வேளை பென்சிலின் ஊசியில் தீர்ந்திருக்கும். அவன் நண்பனையும் அப்போதே அழைத்துப் பார்த்திருக்கலாம். என் ஒற்றைச் சொல் அந்த இரண்டு மாதத்தைத் தின்றுவிட்டது. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

சரி, ஒரு பையனுக்குத் தெரியவில்லை, ஊருக்கே ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் கின்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1991-இல் 599 கல்லூரி மாணவ மாணவியரிடம் இதையே கேட்டார்கள். ஒவ்வொரு செயலாகச் சொல்லி, இதைச் செய்திருந்தால் ‘உறவு கொண்டேன்’ என்று சொல்வீர்களா என்பது கேள்வி. வாய்வழி உறவு மட்டும் என்றால் அது கணக்கில் வராது என்றார்கள் 59 சதவீதம் பேர். ஆசனவாய் வழி உறவுகூடக் கணக்கில் வராது என்று ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சொன்னார்கள். உறவு முறைகள் எல்லாவற்றிலும் எச்.ஐ.வி. தொற்றுக்கு அதிக ஆபத்து அதில்தான்! அவர்களிடம் ஒரு மருத்துவர் ‘உறவு இருந்ததா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

படிக்கிற பிள்ளைகள், வயது போதாது என்பீர்கள். அதே நிறுவனம் 2010-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 18 வயது முதல் 96 வயது வரை 486 பேர். ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் சேர்வதை உறவு என்று 95 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். விந்து வெளிவரவில்லை என்றால்? 89 ஆகக் குறைந்தது. பேராசிரியர் ஐயா, நீங்கள் எல்லோருக்கும் தெரியும் என்றீர்களே, அந்த ஒரே செயலில்கூட எல்லோரும் ஒன்றுபடவில்லை.

அந்த 1991 ஆய்வுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1999 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. அப்போது, மோனிகா லெவின்ஸ்கி என்ற பெண்ணோடு இருந்த தொடர்பைப் பற்றிப் பிரமாணம் செய்து பொய் சொன்னார் என்று அதிபர் கிளிண்டன் மீதான பதவிநீக்க விசாரணை அந்நாட்டு மேலவையான செனட்டில் நடந்துகொண்டிருந்தது. இதழை அரசியலுக்குள் இழுத்துவிட்டார் என்று சொல்லி, 17 ஆண்டு ஆசிரியராக இருந்த ஜார்ஜ் லண்ட்பெர்க்கைச் சங்கம் வேலையை விட்டு நீக்கியது. ஒரு சொல்லுக்கு மக்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்ற கணக்கை அச்சிட்டதற்கு இந்தத் தண்டனை. எனக்கு அது பெரிய அநியாயமாகவே படுகிறது.

தமிழுக்கு வருகிறேன். ஐயா தமிழ் கற்பிப்பவர். புணர்ச்சி மகிழ்தல் என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் வள்ளுவர் பாடுவது எதை? காதலியின் தோளை, காற்றுகூட இடையில் புகாத தழுவலை. நட்பு அதிகாரத்தில் அவரே ‘புணர்ச்சி பழகுதல் வேண்டா’ என்கிறார். அங்கே அது ஓரிடத்தில் கூடியிருப்பது. நம் மொழி இந்தச் சொல்லை ஒரே ஆணியில் அடித்து வைக்கவில்லை, ஐயா.

இன்றைய பேச்சுவழக்கில் சங்கடம் இன்னும் அதிகம். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை என்று ஒரு ஜோடி வருகிறது. “சேர்ந்து இருக்கீங்களா?” என்று கேட்கிறோம். “இருக்கோம்” என்கிறார்கள். பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், விந்துப் பரிசோதனை எல்லாம் நடக்கும். கடைசியில் யாராவது ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும், ஒரு முறைகூட உள்ளே போனதில்லை என்று. அந்தப் பெண்ணுக்குப் பயத்தில் தசை இறுகிக்கொள்கிறது. உடற்பயிற்சியாலும் ஆலோசனையாலும் சரிசெய்யக்கூடியதுதான். சேர்ந்து இருக்கிறோம் என்று அவர்கள் சொன்னது ஒரே கூரை, ஒரே பாய், அணைத்துக்கொண்டு தூங்குவது. அதுவும் உண்மைதானே? இதற்குள் மாமியார் அந்தப் பெண்ணுக்கு ‘மலடி’ என்று பெயர் வைத்து முடித்திருப்பார்.

அப்புறம், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்கிறார்கள். அவர்களிடம் ‘உங்களுக்குள் உடலுறவே கிடையாது, உங்களுக்கு ஒன்றும் வராது’ என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி பிறப்புறுப்புப் பகுதியில் தோலோடு தோல் உரசினாலே பரவும். அதற்கு ஆண் தேவையில்லை.

இனி வழக்கறிஞர் தம்பிக்கு. ஒற்றைச் சொல்லும் இறுக்கமான வரையறையும் குற்றவாளியைப் பிடிக்கும் என்றீர்கள். கிளிண்டன் வழக்கையே பாருங்கள். 1998 ஜனவரியில் அவரிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கியபோது, பாலுறவு என்றால் என்ன என்று வக்கீல்கள் ஒரு வரையறையைத் தாளில் எழுதி முன்னே வைத்தார்கள். இன்னின்ன உறுப்புகளைக் காம நோக்கத்தோடு தொடுவது என்று பட்டியலே இருந்தது. வாய்வழி உறவில் பெற்றுக்கொள்கிறவரின் உடல் தொடுவது மற்றவரின் உதட்டை; உதடு பட்டியலில் இல்லை; ஆகவே தான் அதில் சேரவில்லை என்பது அவர் பின்னால் சொன்ன விளக்கம். அதாவது ஒரே அறை, ஒரே நேரம், இருவர். லெவின்ஸ்கி பாலுறவு கொண்டார், கிளிண்டன் கொள்ளவில்லை! இறுக்கிக் கட்டிய வரையறை செய்த வேலை இது.

நம் நாட்டில்? 1860-இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவில் வல்லுறவு என்பதற்கு ‘உடலுறவு’ என்ற ஒரே சொல்தான் அளவுகோல். விரலாலோ ஒரு பொருளாலோ ஒரு பெண்ணைச் சிதைத்தாலும் அது வல்லுறவு ஆகாது. அந்தச் சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுங்கள் என்று சாக்ஷி என்ற பெண்கள் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் கேட்டது. 2004-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2012-இல் ஓடும் பேருந்தில் மாணவிக்கு நேர்ந்த டெல்லிக் கொடுமைக்குப் பின், நீதிபதி வர்மா குழு பரிந்துரைத்து, 2013-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. எப்படித் திருத்தினார்கள்? செயல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினார்கள். வாய், விரல், பொருள், எல்லாம் தனித்தனியாக. தம்பி, நீங்கள் எந்தச் சொல்லை நம்புகிறீர்களோ, அதைச் சட்டமே போதாது என்று விட்டுவிட்டது.

இறுக்கிப் பிடித்த பொருளுக்கு இன்னோர் உதாரணம். 2021 ஜனவரியில், 12 வயதுக் குழந்தையின் ஆடைமேல் கை வைத்தவன் மீதான வழக்கில், தோலோடு தோல் படவில்லை, எனவே அது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பாலியல் தாக்குதல் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை சொன்னது. அப்படியானால் கையுறை மாட்டிக்கொண்டு செய்கிறவன் தப்பிவிடலாமா என்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தீர்ப்பு தூக்கி எறியப்பட்டது.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். ‘உங்களுக்கு முதல் உறவு எந்த வயதில்?’ என்று ஒரு கேள்வி கேட்போம். ஒரு பெண் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எட்டு வயசுல சொந்தக்காரர் ஒருத்தர் பண்ணினதையும் சேர்க்கணுமா மேடம்?” என்று கேட்டார். என்ன எழுதுவது, நடுவர் அவர்களே? அது நடந்தது, மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். ஆனால் அதற்கு உறவு என்று பெயர் வைக்க எனக்கு என்ன உரிமை? “அதை நாம வேற பக்கத்துல எழுதுவோம். உங்க முதல் உறவு எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் தன் கணவரைச் சொன்னார். 26 வயது என்று எழுதினேன்.

என்ன நடந்தது என்பதை மருத்துவரும் நீதிபதியும் செயல் செயலாக, வெட்கப்படாமல், தெளிவான சொற்களில் கேட்க வேண்டும். அதற்கு என்ன பெயர் என்பதை அந்த உடலுக்கு உரியவர் சொல்லட்டும். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், அந்தப் பெண் அழ நேரும், அந்தப் பையன் இரண்டு மாதம் நோயோடு திரிய நேரும்.

அவன் குணமாகிவிட்டான். ஊசி போட்ட பிறகு, அடுத்த வாரம் நண்பனையும் கூட்டிக்கொண்டு வந்தான். நண்பனிடம் நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: “மேடம் தனித்தனியாக் கேப்பாங்கடா, எல்லாத்துக்கும் பதில் சொல்லு.”

மணி அடித்துவிட்டார்கள். ‘போதாது’ என்ற அணிக்கே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.