மேலே போகாத 'அப்'

நேயர்களுக்கு வணக்கம்.

காவல் நிலையத்தில் லாக்கப். ஆஸ்பத்திரியில் செக்கப். படப்பிடிப்பில் மேக்கப், வேலை முடிந்தால் பேக்கப். 'வண்டிக்குப் பிக்கப் இல்லை' என்கிறார் மெக்கானிக். 'ரொம்ப பில்டப் கொடுக்காதே' என்கிறோம் நண்பரிடம். ஆங்கிலப் பள்ளிப் பக்கமே போகாதவர் வாயிலும் புழங்குகிற சொற்கள் இவை. எல்லாவற்றின் வாலிலும் தொங்குவது ஒரே 'அப்'. அதற்குப் பள்ளியில் நாம் படித்த பொருள் 'மேலே'. சரி, லாக்கப்பில் எது மேலே போகிறது? செக்கப்பில்?

ஒன்றும் போகவில்லை. இந்தச் சொல்லை 'மேலே' என்று மனத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்வோம். ஆங்கில வினைக்குப் பின்னால் வந்து நிற்கும் 'அப்', பெரும்பாலும் நம் தமிழில் 'விடு', 'தீர்', 'போடு', 'வை' என்ற துணைவினைகள் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

சொல் மிகப் பழையது. ஜெர்மன் மொழியின் 'அவுஃப்', டச்சு மொழியின் 'ஓப்' எல்லாம் இதன் பங்காளிகள். ஆங்கிலத்திலேயே 'ஓபன்' என்ற சொல் இதற்கு உறவு. இன்னும் தூரத்துச் சொந்தமும் உண்டு. வடமொழியின் 'உப', 'உபரி' இரண்டும் இதே மூலக் குடும்பத்திலிருந்து வந்தவை. 'உபரி வருமானம்' என்று நாம் சொல்லும்போது, ஆங்கிலேயரின் 'அப்', 'ஓவர்' ஆகியவற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரனைத்தான் உச்சரிக்கிறோம்.

வினையோடு இப்படி ஒரு சிறு சொல் சேர்ந்து பொருளையே மாற்றுவதை ஆங்கில ஆசிரியர்கள் 'பிரேசல் வெர்ப்' என்பார்கள். அயலாருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய தொல்லை இதுதான் என்று, 1755இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1981இல் சூசன் லிண்ட்னர் என்ற ஆய்வாளர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், 'அவுட்', 'அப்' என்ற இரண்டே இரண்டு சொற்கள் வினையோடு சேரும் விதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அவ்வளவு சரக்கு இருக்கிறது.

இனி உள்ளே போவோம். 'டிரிங்க் தி மில்க்' என்றால் பாலைக் குடி. 'டிரிங்க் அப் தி மில்க்' என்றால் குடித்து முடி, டம்ளரில் சொட்டு இருக்கக் கூடாது. 'யூஸ் தி சோப்' என்றால் சோப்பைப் பயன்படுத்து. 'யூஸ் அப்' என்றால் கரைத்துத் தீர்த்துவிடு. 'டேர்' என்றால் கிழிப்பது. கடிதத்தின் ஓரம் கிழிந்தாலும் அந்தச் சொல் போதும். 'டேர் அப்' என்றால் சுக்குநூறாகக் கிழித்துப் போடுவது. சமையல் குறிப்பில் 'கட் அப்' என்று இருந்தால் துண்டு துண்டாக நறுக்கி வைக்க வேண்டும். 'லாக் அப்', பூட்டி வை. 'பேக் அப்', மூட்டை கட்டி முடி. காவல் நிலையத்து லாக்கப்பும் படப்பிடிப்புப் பேக்கப்பும் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறதல்லவா? 'டைம் இஸ் அப்' என்பதும் அப்படித்தான்: நேரம் தீர்ந்தது.

'வந்துவிட்டான்' என்கிறோம். அதில் யார் எதை விட்டார்கள்? யாரும் எதையும் விடவில்லை. 'விடு' தன் சொந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, காரியம் முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறது. 'அப்'பும் அதே மாதிரி 'மேலே' என்ற பொருளைக் கழற்றி வைத்துவிட்டது.

இந்த முடிவுப்பொருள் 'அப்'பைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தின் கடைசியில் 'ஃபார் ஆன் அவர்', அதாவது 'ஒரு மணி நேரமாக', என்று சேர்த்துப் பாருங்கள். வெறும் 'டிரிங்க்' அதை ஏற்கும். 'டிரிங்க் அப் தி மில்க்' ஏற்காது. அதற்கு 'இன் ஆன் அவர்', 'ஒரு மணி நேரத்துக்குள்', என்பதுதான் பொருந்தும். தமிழிலும் 'ஒரு மணி நேரமாகக் குடித்தான்' சரி. 'ஒரு மணி நேரமாகக் குடித்துத் தீர்த்தான்' காதில் இடறும். முடிந்த காரியத்துக்கு நீளம் கிடையாது, கெடு மட்டும்தான் உண்டு. இரண்டு மொழிகளும் இதில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன.

எல்லா 'அப்'பும் முடிப்பதில்லை. 'ஸ்பீக் அப்' என்றால் பேசி முடி என்றல்ல, உரக்கப் பேசு என்று பொருள். உங்கள் வானொலியில் ஒலியைக் கூட்டச் சொன்னால் 'டர்ன் இட் அப்'. இங்கே அளவு கூடுகிறது. சமதரையில் ஒருவர் நம்மை நெருங்கி வந்தாலும் 'கேம் அப்'தான். எதிர்பாராமல் வந்து நின்றால் 'டர்ன்ட் அப்'. தூக்கம் கலைவது 'வேக் அப்', படுக்கையை விட்டு எழுவது 'கெட் அப்'. ஐந்து மணிக்கு 'வேக் அப்' ஆகி ஆறு மணிக்கு 'கெட் அப்' ஆகிறவர்கள் நிறையப் பேர்.

'மேக் அப்' என்ற ஒரே ஜோடியைப் பாருங்கள். முகத்துக்கு அரிதாரம் பூசுவது அது. இல்லாத கதையை உண்டாக்கிச் சொல்வதும் அது. கூடவே 'ஃபார்' சேர்ந்தால் இழந்ததைச் சரிக்கட்டுவது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் தமிழில் சொல்லிப் பாருங்கள்: வேஷம் கட்டுகிறோம், கதை கட்டுகிறோம், ஈடு கட்டுகிறோம். மூன்றுக்கும் நமக்கும் ஒரே 'கட்டு'தான்! சண்டை போட்ட இருவர் சமாதானமாவதும் ஆங்கிலத்தில் 'மேக் அப்'. அதற்கு மட்டும் நம் 'கட்டு' வராது.

சரி, இடத்தை எப்படிப் பிடிப்பது? தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். பெயர்ச்சொல் என்றால் 'அப்' இரண்டு பக்கமும் நிற்கும். 'பிக் அப் தி பென்' என்றும் சொல்லலாம், 'பிக் தி பென் அப்' என்றும் சொல்லலாம். பேனாவுக்குப் பதில் 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில் மட்டும்தான் வரும்: 'பிக் இட் அப்'. 'பிக் அப் இட்' தவறு. 'வேக் அப் ஹிம்' தவறு, 'வேக் ஹிம் அப்' சரி. வினையையும் துணைவினையையும் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. 'குடித்தே விட்டான்' என்று நாமும் நடுவில் ஓர் 'ஏ' நுழைக்கிறோம்.

மூன்று சொல் கூட்டு என்றால் பெரும்பாலும் பிரிக்கக் கூடாது. பொறுத்துக்கொள்வதற்கு 'புட் அப் வித்', ஈடுகொடுத்து ஓடுவதற்கு 'கீப் அப் வித்', யோசனை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு 'கம் அப் வித்'. பிரதிப்பெயர் கடைசியில் போகும்: 'புட் அப் வித் இட்'.

இன்னொரு வகையும் உண்டு. 'ஹீ ரேன் அப் எ ஹில்', 'ஹீ ரேன் அப் எ பில்'. காதுக்கு ஒரே எழுத்துதான் வித்தியாசம். முதலாமவர் மலைமேல் ஓடினார். இரண்டாமவர் கடன் கணக்கை ஏற்றிக்கொண்டே போனார். முதல் வாக்கியத்து 'அப்' மலையோடு ஒட்டியது, அதனால் 'ரேன் அப் இட்'. இரண்டாவது வினையோடு ஒட்டியது, அதனால் 'ரேன் இட் அப்'. எந்த 'அப்' யாரோடு ஒட்டியிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால், 'இட்' போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உச்சரிப்பிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'பிக் இட் அப்' என்று வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'அப்'பின் மேல் விழும். பெயர்ச்சொல்லாகச் சொல்லும்போது முன்பகுதியில் விழும்: பிக்கப், செக்கப், மேக்கப். நம்மிடம் வந்தவை அநேகமாக எல்லாமே பெயர்ச்சொற்கள். அதனால்தான் 'பண்ணு', 'ஆகு', 'கொடு' என்று நம் வினையை ஒட்டிக்கொள்கிறோம். வந்த இடத்தில் பொருளும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'பில்டப்' என்பது படிப்படியாகச் சேர்வது, எதிர்பார்ப்பை ஏற்றுவது. நம்மிடம் அது தற்பெருமை. 'கெட்டப்' அங்கே விசித்திரமான உடை, இங்கே நடிகரின் முழுத் தோற்றம்.

எழுதும்போதும் இதே வேறுபாடு கண்ணில் பட வேண்டும். கணினிக் கோப்பின் நகலான 'பேக்கப்' (படப்பிடிப்புப் பேக்கப் வேறு) பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரே சொல். கணினிக் கோப்பைப் பிரதி எடுத்து வை என்று ஏவும்போது 'பேக் அப்', இரண்டு சொல். 'செட்டப்'புக்கும் அதே கணக்கு. சந்தேகம் வந்தால் இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். 'பேக்ட் அப்' என்று காலம் காட்டும் ஒட்டு நடுவில் நுழைகிறது. ஒட்டு நுழைகிற இடத்தில் ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும்.

வாட்ஸ்அப்பைச் சொல்லாமல் விட முடியாது. 2009இல் தொடங்கிய அந்தச் செயலியின் பெயர் 'வாட்ஸ் அப்', அதாவது 'என்ன சேதி' என்ற குசலத்தை வைத்து விளையாடியது. ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இருப்பது 'ஆப்'. தமிழில் நாம் 'வாட்ஸ்அப்' என்று எழுதி, சிலேடையைத் தெரியாமலே அவிழ்த்துவிட்டோம்.

இந்தியாவில் அதிகம் கேட்கிற பிழை 'கோப் அப் வித்'. 'கோப் வித்' போதும். 'அப்' அங்கே அழையா விருந்தாளி. 'கீப் அப் வித்' பக்கத்திலேயே இருப்பதால் ஒட்டிக்கொண்டது போலும். விண்ணப்பத்தை நிரப்புவதற்கு நாம் 'ஃபில் அப்' என்கிறோம். பிரிட்டனில் 'ஃபில் இன்', அமெரிக்காவில் 'ஃபில் அவுட்'. 'ஃபில் அப்' என்றால் அவர்களுக்குப் பெட்ரோல் டேங்க்தான் நினைவுக்கு வரும். நம் அரசு அலுவலகங்களில் கோப்பின் ஓரத்தில் எழுதும் 'புட் அப்', மேலதிகாரியின் முடிவுக்கு வை என்று பொருள்படும். வெளிநாட்டவருக்கு அது சட்டென்று விளங்காது. ஆனாலும் அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். நம் நிர்வாக ஆங்கிலத்தில் வேரூன்றிய வழக்கு அது.

'அப்'புக்கு எதிர்ச்சொல் 'டவுன்' என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. ஒலியளவில் 'டர்ன் அப்', 'டர்ன் டவுன்' எதிரெதிர்தான். அழைப்பு என்று வந்தால் 'டர்ன் டவுன்' மறுப்பது, 'டர்ன் அப்' நேரில் வந்து நிற்பது. 'ஸ்லோ அப்', 'ஸ்லோ டவுன்' இரண்டுக்குமே வேகம் குறைகிறது. பிரிட்டிஷ் ரயில்வேயில் லண்டனை நோக்கிப் போகும் பாதை 'அப்'. ஸ்காட்லாந்திலிருந்து தெற்கே, வரைபடத்தில் கீழே இறங்கி வந்தாலும் அது 'அப்'தான். அங்கே உயரம் என்பது தலைநகரின் மதிப்பு. இலங்கை மலையகத்தை 'அப் கன்ட்ரி' என்பது மட்டும் சொல்லுக்குச் சொல் உண்மை. நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருக்கிறது.

பணம் சம்பந்தப்பட்டது 'அப் டு'. 'அப் டு 50 சதவீதம் தள்ளுபடி' என்ற பலகையில் 50 பெரிதாகவும் 'அப் டு' பொடியாகவும் இருக்கும். அது உச்சவரம்பு, வாக்குறுதியல்ல. சில உருப்படிகளுக்கு 50 சதவீதம் கொடுத்துவிட்டு, 1,000 ரூபாய்ச் சட்டைக்கு 50 ரூபாய் மட்டும் குறைத்தாலும் பலகை பொய்யாகாது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்றால் 'ஃபிளாட்' என்று போட்டிருப்பார்கள். இணைய இணைப்பின் 'அப் டு 100 எம்பிபிஎஸ்' என்பதையும் இதே கண்ணோடு படியுங்கள். நம் ஊர்ப் பலகைகளில் இதை ஒட்டி எழுதுவது வழக்கம், ஆனால் அவை இரண்டு சொற்கள். இதே ஜோடி 'இட்ஸ் அப் டு யூ' என்று வந்தால் முடிவு உங்கள் கையில். 'வாட் ஆர் யூ அப் டு' என்றால் என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று பொருள். சில நேரம் கேட்பவர் குரலில் கொஞ்சம் சந்தேகமும் கலந்திருக்கும்.

அமெரிக்க நிறுவனங்களோடு வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டம் 'மூவ்ட் அப்' என்று மின்னஞ்சல் வந்தால் அது தள்ளிப்போகவில்லை, முன்கூட்டியே வருகிறது. புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ்ட் அப்' என்றால் திங்கட்கிழமை. தள்ளிப்போனால் 'புஷ்ட் பேக்' என்பார்கள்.

அகராதியில் இவற்றைத் தேடும்போது 'அப்' பக்கத்தைப் புரட்ட வேண்டாம். வினைச்சொல்லின் பக்கத்துக்குப் போங்கள். அதன் கடைசியில் பிரேசல் வெர்ப்கள் தனியாக இருக்கும். மாணவர்களுக்கென்று வரும் ஆங்கில அகராதிகள் சிலவற்றில் 'பிக்', 'சம்திங்', 'அப்' என்பவற்றுக்கு நடுவே இருபுறமும் முனையுள்ள ஒரு சிறிய அம்புக்குறி போட்டிருப்பார்கள். பெயர்ச்சொல் அந்தப் பக்கமும் போகலாம், இந்தப் பக்கமும் வரலாம் என்று அதற்கு அர்த்தம். அம்புக்குறி இல்லாவிட்டால், அச்சிட்டிருக்கிற வரிசையிலேயே சொல்லுங்கள்.

வணக்கம்.