பழைய பாட்டைக் கொண்டு புதிய பாட்டை அளக்கலாமா?

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

புதுமை செய்யும் இசைக் கலைஞரை முந்தைய வெற்றியைக் கொண்டு அளப்பதா, இப்போதைய முயற்சியைக் கொண்டு அளப்பதா என்பது இன்றைய கேள்வி. எம்ஜிஎம்டி என்ற அமெரிக்க இருவர் இசைக்குழு முதல் ஆல்பத்தில் எல்லோரும் முணுமுணுத்த பாட்டுகளைத் தந்துவிட்டு இரண்டாவதில் ஒன்றைக்கூடத் தரவில்லை, ஆகவே விமர்சகர்கள் குறைத்து மதிப்பிட்டது நியாயமே என்று எதிரணித் தலைவர் சொல்லி அமர்ந்தார். அவர் எடுத்த ஆல்பத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் குழுவின் ஆண்ட்ரூ வான்வின்கார்டன், பென் கோல்ட்வாசர் இருவரும் கல்லூரித் தோழர்கள். 2007இல் வெளிவந்த அவர்களது முதல் ஆல்பமான ‘ஆரக்குலர் ஸ்பெக்டாகுலர்’இல் ‘கிட்ஸ்’ என்ற பாட்டு, சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் எழும் சிறிய மெட்டு ஒன்றாலேயே கேட்பவரைப் பிடித்துக்கொள்ளும். 2010 ஏப்ரலில் இரண்டாவது ஆல்பமான ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ வந்தபோது விமர்சகர்களில் ஒரு சாரார் அப்படியொரு மெட்டைத் தேடினார்கள். அது கிடைக்காத ஏமாற்றத்தையே ஆல்பத்தின் குறையாக எழுதினார்கள். துணிச்சலான முயற்சி என்று பாராட்டியவர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாட்டுகளைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டும் என்ற விருப்பத்தை அந்த இருவரும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கேட்கும் முறையைக் கலைஞரே சொன்ன பிறகும் பழைய அளவுகோலை நீட்டுவது எந்த வகையில் நியாயம்?

அந்த ஆல்பத்தின் ‘சைபீரியன் பிரேக்ஸ்’ 12 நிமிடங்களுக்கு மேல் ஓடும் பாட்டு. ஏற்காட்டுக்குப் பேருந்தில் போகும்போதுதான் அதை முதன்முதலாக முழுதாகக் கேட்டேன். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் காட்சி மாறுவதைப் போல, அந்தப் பாட்டும் ஒரு மெட்டை விட்டு இன்னொன்றுக்குத் திரும்பிக்கொண்டே போனது. தொடங்கிய இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்ற கவலை அதற்கு இல்லை. இதை ஒழுங்கின்மை என்று எழுதுவோரிடம் நான் கேட்கிறேன்: நம் கச்சேரியின் கடைசிப் பகுதியில் வித்துவான் தாளமில்லாமல் விருத்தம் பாடுகிறார், ராகத்துக்கு ராகம் மாறிக்கொண்டே போகிறார், பல்லவி என்று ஒன்று திரும்பி வருவதே இல்லை. அதைக் குறை என்று யாராவது எழுந்து போனோமா? அதற்காகவே காத்திருந்து கேட்பவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்.

விமர்சகர்கள் சொன்ன எல்லாமே தவறு என்பது என் வாதம் அல்ல. ‘ஃப்ளாஷ் டெலிரியம்’ பாட்டில் நெரிசல் இருக்கிறது, நான்கு நிமிடச் சொச்சத்துக்குள் ஐந்தாறு பாட்டுகளை அடைத்ததுபோல் மூச்சு முட்டுகிறது. அந்தக் குறையைச் சொல்பவர் காதில் விழுந்ததைக் கேட்டு எழுதுகிறார், அவரை நான் வணங்குகிறேன். ‘கிட்ஸ்’ எங்கே என்று கேட்பவரோ இல்லாத பாட்டுக்கு விமர்சனம் எழுதுகிறார்.

நடுவர் அவர்களே, ஆல்பத்தின் பெயரையே தாங்கிய கடைசிப் பாட்டு அடங்கும் இடத்தில், சிலர் மட்டும் கைதட்டும் மெல்லிய ஓசை பதிவாகியிருக்கிறது. தங்களுக்கு எப்படிப்பட்ட வரவேற்பு கிடைக்கக்கூடும் என்பதை அறிந்தே, அதையும் இசைக்குள் வைத்துத்தான் அவர்கள் அனுப்பினார்கள் என்று நான் நம்புகிறேன். தீர்ப்பு எழுதுமுன் அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து அந்தக் கைதட்டல் வரை ஒருமுறை கேட்டுவிடும்படி தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.