நைட் என்றால் பையன்

விழாத் தலைவர் ஐயா அவர்களே, காலையில் நாற்காலி போட்டதிலிருந்து கூடவே நின்று பார்த்துக்கொண்ட ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஆறாம் வகுப்பில் எனக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்து இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் ஆசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் தம்பி, வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். சால்வை வேண்டாம் என்று சொல்லியும் போட்டுவிட்டீர்கள். அன்புக்கு நன்றி.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். சொல்மூலம் பார்க்கலாம், கட்டாயம் பார்க்க வேண்டும் என்று போகிற மேடையெல்லாம் சொல்லி வருகிறேன். இன்றைய சொல் நைட். ராத்திரி இல்லை, சர் பட்டம் வாங்கியவரைச் சொல்கிற நைட். மூன்று செய்தி சொல்லப்போகிறேன்: அந்தச் சொல் எங்கே பிறந்தது, சர் என்றால் என்ன, நம்மவர்களில் அதை வாங்கியவர் யார், திருப்பிக் கொடுத்தவர் யார்.

பழைய ஆங்கிலத்தில் அது 'க்னிஹ்ட்'. இன்று எழுத்தில் மட்டும் நிற்கிற 'கே' அன்று வாயிலும் ஒலித்தது. பொருள்? பையன். அப்புறம் வேலைக்காரப் பையன், எடுபிடி. இதோடு கூடப்பிறந்த ஜெர்மன் சொல் இன்றும் பண்ணையாளைத்தான் குறிக்கிறது. பிரெஞ்சுக்காரரின் 'ஷெவாலியே' குதிரையிலிருந்து வந்த சொல், ஜெர்மானியரின் 'ரிட்டர்' சவாரிக்காரன். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது குதிரையேறி வந்த வீரர்களை, அவர்கள் பிரபுக்களிடம் ஊழியம் பார்த்ததால், ஊர்ஜனம் தன் பழைய சொல்லாலேயே அழைத்தது. 1086-இல் வில்லியம் அரசர் தன் மகன் ஹென்றிக்கு வீரப்பட்டம் கட்டியதைச் சொல்லும் பழைய ஆங்கில நாளாகமத்தில் 'சவாரிக்காரன்' என்றுதான் இருக்கிறது, ஆனால் நிலைத்தது பையன்தான்! 1348 வாக்கில் மூன்றாம் எட்வர்டு அரசர் 'கார்ட்டர்' என்ற உயரிய வீரப்பட்டத்தை ஏற்படுத்தியபோது பட்டத்து இளவரசரே அதில் ஒரு நைட்.

நம்மிடம் நேர்மாறு. மாணிக்கவாசகர் சிவபெருமானையே 'குதிரைச் சேவகன்' என்று பாடினார், அங்கே சேவகன் வீரன். அதே சொல் பிற்காலத்தில் டவாலி மாட்டிக்கொண்டு கோர்ட்டு வாசலில் நின்றது.

சரி, சர். லத்தீனில் மூத்தவர் என்ற சொல், பிரெஞ்சு வழியாக வந்து 'சர்' ஆனது. நாம் வாய்க்கு வாய் சொல்கிற 'சார்' அதேதான். நதிமூலம் கிடக்கட்டும், இந்தச் சொல்மூலத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். டீ வாங்குவார், கோப்பு சுமப்பார், மழை வந்தால் எல்லார் வண்டிக்கும் ஓடிப்போய் உறை போடுவார். நேற்று சேர்ந்தவர் கூட "பையா" என்றுதான் கூப்பிடுவார், இவர் அந்த இருபத்து மூன்று வயசுக்காரரை "சார்" என்பார். ஓய்வுபெறும் நாள் வந்தது. வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தோம்: 'இன்று நம் ஆபீஸ் பையனுக்குப் பிரிவு விழா'. எழுதியதில் நானும் ஒருவன். வேட்டி சட்டையில், மனைவி, மகள், பேரனோடு வந்தார். பேரன் எழுத்துக்கூட்டிப் படித்தான். "தாத்தா, உனக்கு விழான்னு சொன்னே, யாரோ பையனுக்குன்னு போட்டிருக்கு?" அவர் பேரனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்களில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியவில்லை. மாலை போட்டோம், பேசினோம், படம் எடுத்தோம். பலகையை அழிக்க எனக்குத் தோன்றவே இல்லை, வீட்டுக்குப் போகும்போதும் அது அப்படியே இருந்தது.

அதிலிருந்துதான் ஊர் ஊராகக் கேட்கிறேன். வயசில் மூத்தவரை, டீ கொண்டுவருகிறார் என்பதற்காகப் பையா என்று கூப்பிடாதீர்கள். பெயர் இருக்கிறது, அண்ணே என்ற சொல் இருக்கிறது.

மூன்றாவது செய்தி, 1918-இல் சர் பட்டத்தைத் துறந்த, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சுப்பிரமணிய ஐயர், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் 1919-இல் துறந்த தாகூர். அதற்கு நேரமில்லை, செயலாளர் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். தம்பி, ஒன்று மட்டும். நாற்காலி போட்டவர்களும் அதோ தேநீர்த் தட்டோடு நிற்கிறவர்களும் ஆறு பேர். நன்றியுரையில் அவர்கள் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். இன்னும் பெயர் கேட்கவில்லை என்றால், நான் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போய்க் கேட்டு எழுதி வாருங்கள்.